ஸ்ப்ரைட்டை (கேம் கேரக்டர் படத்தை) நடக்க வச்சா நடுங்குது, ஃப்ரேம் கூட்டணுமா?

கேள்வி:
வணக்கம் மக்களே, பிக்சல் ஆர்ட்ல சும்மா நிக்கிற கேரக்டர் ஓரளவு நல்லா வருது, ஆனா அனிமேட் பண்ண உக்காந்தா எல்லாம் சொதப்புது. 64க்கு 64 பிக்சல் கேன்வாஸ்ல ஒரு வாக் சைக்கிள், அதாவது திரும்பத் திரும்ப ஓடுற நடை, 12 ஃப்ரேம் போட்டிருக்கேன். தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் ஓகேதான், ப்ளே பண்ணா மூஞ்சி துடிக்குது, கால் தரையில வழுக்கிட்டே போகுது. ஃப்ரேம் இன்னும் கூட்டினா ஸ்மூத் ஆயிடுமா? இப்ப பிஸ்கெல்ங்கிற ஃப்ரீ சாஃப்ட்வேர்லதான் போடுறேன், காசு குடுத்து ஏஸ்ப்ரைட் வாங்கியே ஆகணுமா?

பதில் 1:
கூட்டாதீங்க ப்ரோ, குறைங்க! 64க்கு 64னா ஒரு ஃப்ரேமுக்கு 4096 கட்டம், அதை 12 தடவை கட்டி மேய்க்கிறது புதுசா கத்துக்கிறவங்களுக்கு தேவையில்லாத வேலை. 16க்கு 16ல 256தான், அங்க ஆரம்பிங்க. 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்ல மாரியோ ஓடுறதுக்கே மொத்தம் 3 ஃப்ரேம்தான்.

மூஞ்சி துடிக்கிறதுக்கு காரணம், நீங்க தலையை ஒவ்வொரு ஃப்ரேம்லயும் புதுசா வரையறீங்கன்னு நினைக்கிறேன். வரையாதீங்க. தலையை தனி லேயர்ல வச்சு அப்படியே காப்பி பண்ணி மேல கீழ ஒரு பிக்சல் மட்டும் நகர்த்துங்க. கால் விரிஞ்சு குதிகால் தரையைத் தொடுற போஸ், வெயிட் இறங்கி உடம்பு தாழுற போஸ், ஒரு கால் இன்னொண்ணைத் தாண்டுற போஸ், அப்புறம் உடம்பு எழும்புற போஸ், இந்த நாலும் ரெண்டு காலுக்குமா சேர்த்து 8 ஃப்ரேம். சின்ன ஸ்ப்ரைட்டுக்கு விரியுறதும் தாண்டுறதும் மட்டும் வச்சு 4லயே முடிச்சிரலாம்.

வழுக்குறது கணக்கு விஷயம். தரையில ஊனின கால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே அளவு பின்னாடி போகணும், கேம்ல கேரக்டர் நகருற வேகமும் அதுக்கு ஒத்து வரணும். ஃப்ரேமுக்கு 2 பிக்சல், ஒரு ஃப்ரேம் 100 மில்லிசெகண்ட்னா செகண்டுக்கு 20 பிக்சல், கேம் ப்ரோக்ராம்ல அதைத்தான் வேகமா குடுக்கணும்.

பதில் 2:
மேல சொன்னது கரெக்ட், ஆனா நடையை முதல்ல எடுக்கவே வேணாம்ங்கிறது என் கட்சி. ஒரு பந்து குதிக்கிறது போடுங்க, உச்சியில ஃப்ரேம் நெருக்கமா, கீழ வர்றப்ப இடைவெளி பெருசா. டைமிங்னா என்னன்னு அதுலயே பாதி புரிஞ்சிரும். அடுத்து ஐடில், அதாவது சும்மா நிக்கிறப்ப வர்ற அசைவு, ரெண்டே ஃப்ரேம், நெஞ்சும் தலையும் ஒரு பிக்சல் இறங்கி ஏறினா மூச்சு விடுற மாதிரி ஆயிடும். ஆனியன் ஸ்கின்னை ஆன்லயே வச்சிருங்க, முந்தின ஃப்ரேம் மங்கலா தெரியும்.

சாஃப்ட்வேருக்கு காசு போடாதீங்க இப்பவே. பிஸ்கெல் போதும், பிக்சலோராமா, லிப்ரேஸ்ப்ரைட்டும் ஃப்ரீதான். ஏஸ்ப்ரைட்டோட சோர்ஸ் கோடே வெளிய இருக்கு, சொந்த உபயோகத்துக்கு கம்பைல் பண்ணிக்கலாம், பொறுமை இருந்தா.

பதில் 3:
பிஸ்கெல்ல ஒரு சின்ன தொல்லை, மொத்தத்துக்கும் ஒரே எஃப்பிஎஸ்தான் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கிற வேகம்), ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தனி நேரம் வைக்க முடியாது. வாள் வீசுறதுல ஓங்குற போஸ் கொஞ்ச நேரம் நிக்கணும், வீச்சு சட்டுன்னு போகணும், அப்பதான் அடி கனமா விழும். அங்க ஓங்குற ஃப்ரேமை ரெண்டு மூணு தடவை டூப்ளிகேட் பண்ணி சமாளிங்க. எக்ஸ்போர்ட் பண்றப்ப 2 மடங்கு, 4 மடங்குன்னு முழு எண்ல பெருசாக்குங்க, நியரஸ்ட் நெய்பர்ல (கலரைக் கலக்காம கட்டத்தை அப்படியே பெருசாக்குற முறை), இல்லன்னா எல்லாம் மசமசன்னு ஆயிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி எல்லாருக்கும். தலையை காப்பி பண்ணி போட்டதும் துடிப்பு நின்னுருச்சு! ஆனா கால் ரெண்டும் தாண்டுறப்ப எது முன்கால் எது பின்கால்னே தெரியல...

பதில் 1:
பின்கால், பின்கை ரெண்டுக்கும் ஒரு ஷேட் டார்க்கா அடிங்க. 8ல இன்னொரு காலுக்கான மத்த நாலு ஃப்ரேமையும் புதுசா வரைய வேணாம், முதல் நாலையும் காப்பி பண்ணி அந்த கலரை மட்டும் மாத்திப் போட்டா போதும்.