பள்ளி மாணவர்களின் சோலார் ஆய்வு: லேபிளில் உள்ளதைவிட அதிகத் திறன் காட்டுகிறதே, அளவீட்டில் எங்கே தவறு?

அறிவியல்மன்றம்:
வணக்கம். 9ஆம் வகுப்பு மாணவர்கள் 24 பேர், நான்கு பேர் கொண்ட 6 குழுக்கள். வாரம் ஒரு மணி நேரமாக 6 வாரத்துக்கு ஒரு சோலார் ஆய்வுத் திட்டம். குழுவுக்கு ஒரு 6 வோல்ட் 1 வாட் பேனலும் (12 செல்) ஒரு மல்டிமீட்டரும் உண்டு. முதல் நாள் வெயிலில் 7.1 வோல்ட், 0.18 ஆம்பியர் வந்தது. பெருக்கினால் 1.28 வாட், லேபிளில் உள்ளதைவிடக் கூடுதல்! சாய்வுக் கோணத்தை மாற்றிப் பார்த்தபோது வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே நின்றது. "கோணம் முக்கியமில்லை" என்று பிள்ளைகள் எழுதிவிட்டார்கள். ஆய்வை எப்படித் திருத்தி அமைப்பது?

ஓம்விதி:
இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். 7.1 வோல்ட் என்பது எதுவும் இணைக்காத நிலையில் வரும் திறந்த சுற்று மின்னழுத்தம். அப்போது மின்னோட்டம் சுழி. 0.18 ஆம்பியர் என்பது பேனலின் இரு முனைகளையும் மீட்டர் வழியே நேரடியாக இணைத்தால் வரும் குறுக்குச் சுற்று மின்னோட்டம். அப்போது மின்னழுத்தம் சுழி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் வருவதே இல்லை. அதனால் அவற்றைப் பெருக்கி வரும் எண் எந்தக் கருவிக்கும் கிடைக்காத திறன்.

உண்மைத் திறனுக்குச் சுமை வேண்டும். 10, 22, 33, 47, 68, 100, 220 ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பேனலில் இணைத்து, ஒவ்வொன்றுக்கும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பேனலுக்கு உச்சத் திறன் 36 ஓமுக்கு (லேபிள்படி 1 வாட் ÷ 6 வோல்ட் = 0.167 ஆம்பியர்; 6 ÷ 0.167) அருகில் வரும். உச்சம் 0.95 வாட் என்று வந்தால், 0.95 ÷ 1.28 = 0.74. உச்சத் திறனுக்கும் அந்தப் பெருக்கலுக்கும் உள்ள இந்த விகிதம்தான் நிரப்புக் காரணி. நல்ல சிலிக்கான் பேனலில் 0.7 முதல் 0.8 வரை இருக்கும்.

ரெசிஸ்டர் 2 வாட் வகையாக இருக்கட்டும். கால் வாட் ரெசிஸ்டர் 33 ஓமில் கருகும். கருகாவிட்டாலும் சூடேறி அதன் மதிப்பே நகரும். சாதாரண கார்பன் வால்யூம் கன்ட்ரோலும் வேண்டாம். குறைந்த ஓமுக்குத் திருப்பும்போது மொத்த வெப்பமும் தடத்தின் சின்னத் துண்டில் விழுந்து அதை எரித்துவிடும்.

சிலிக்கான்கீற்று:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் 0.01 ஆம்பியருக்குக் கீழே தெரியாது. மில்லிஆம்பியர் துளையில் பல மீட்டர்களுக்கு 200 மில்லிஆம்பியர் ஃபியூஸ்தான், இந்தப் பேனல் அதன் விளிம்பில் நிற்கிறது. சுமையோடு தொடராக 1% துல்லியமுள்ள 1 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் அளவிடுங்கள். 167 மில்லிவோல்ட் என்றால் 167 மில்லிஆம்பியர். ஒரே மீட்டரால் இரண்டையும் எடுத்துவிடலாம். ஆனால் மின்னழுத்தத்தைப் பேனலின் முனைகளிலேயே எடுக்க வேண்டும், சுமையின் முனைகளில் அல்ல.

கோணத்துக்கு வருகிறேன். திறந்த சுற்று மின்னழுத்தம் ஒளியின் மடக்கையைப் பொறுத்தது. ஒளி பாதியானாலும் 12 செல்லுக்கும் சேர்த்து 0.2 அல்லது 0.3 வோல்ட்தான் இறங்கும். குறுக்குச் சுற்று மின்னோட்டமோ ஒளிக்கு நேர்விகிதம், அதுவும் பாதியாகும். எனவே கோண ஆய்வில் மின்னோட்டத்தை மட்டும் பாருங்கள்.

மேகம் நகர்ந்தால் எல்லாம் குலையும் என்பதால் இரண்டு குழுக்களை இணைத்துவிடுங்கள். ஒரு பேனல் எப்போதும் சூரியனை நேராகப் பார்த்து நிற்கும், மற்றது சாயும். இரண்டையும் ஒரே நொடியில் படித்து விகிதம் எடுங்கள். தொடங்கும் முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது கட்டாயம். ஒரே பெட்டியில் வந்த பேனல்களிலும் சில சதவீத வேறுபாடு உண்டு.

படுகோணத்துக்கு (பேனலின் செங்குத்துக் கோட்டுக்கும் சூரியக் கதிருக்கும் இடையிலான கோணம்) கோணமானி தேவையில்லை. பேனலின் சட்டத்தில் 5 செ.மீ. குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நிழலே விழாவிட்டால் சூரியனுக்கு நேர். நிழல் 5 செ.மீ. என்றால் 45 பாகை.

60 பாகையில் கொசைன் கணக்குப்படி 0.5 வரவேண்டும். சற்றுக் கூடுதலாக வந்தால் பிழை என்று அழித்துவிடாதீர்கள், வானத்திலிருந்து சிதறி வரும் ஒளியும் பேனலில் விழுகிறது. ஒரு மீட்டர் தள்ளி அட்டையைப் பிடித்துச் சூரியனை மட்டும் மறைத்தால் அந்தப் பங்கு தனியாகத் தெரியும். இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த அளவீடு அதுதான்.

நிழல்மானி:
6 வாரத்தில் முதல் இரண்டை அளவீட்டுப் பயிற்சிக்கு விட்டு, மீதியில் குழுவுக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக் கொடுங்கள். எல்லாரும் எல்லாம் செய்தால் எதிலும் ஆழம் இருக்காது. இரண்டு நல்ல கேள்விகள்:

வெப்பம்: நிழலில் இருந்த பேனலை வெயிலில் வைத்து, 10 நிமிடத்துக்கு 30 நொடிக்கு ஒருமுறை திறந்த சுற்று மின்னழுத்தமும் பின்பக்க வெப்பநிலையும் குறிக்க வேண்டும். செல்லுக்குப் பாகைக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும். 12 செல், 30 பாகை ஏற்றம் என்றால் 0.7 வோல்ட்! முதல் நாள் அளவுகள் முன்னுக்குப் பின் முரணாக வந்திருந்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். சூடான பேனலில் குளிர்ந்த நீரை ஊற்ற வேண்டாம், கண்ணாடியில் விரிசல் விழக்கூடும்.

நிழல்: ஒரு செல்லின் அளவுக்கு அட்டை வெட்டுங்கள். ஒரு செல்லை முழுதாக மறைத்தால் 12இல் ஒரு பங்கு குறையும் என்று எதிர்பார்ப்பார்கள். செல்கள் தொடராக இருப்பதால் திறன் அநேகமாக முழுதும் போய்விடும். அதே பரப்பளவு அட்டையை எல்லாச் செல்களுக்கும் குறுக்கே கீற்றாக வைத்தால் இழப்பு ஏறக்குறைய அந்தப் பரப்பின் அளவோடு நிற்கும்.

பேனலை லித்தியம் பேட்டரியில் நேரடியாக இணைக்க மட்டும் விடாதீர்கள். சார்ஜிங் சுற்று இல்லாமல் அது ஆபத்து.

அறிவியல்மன்றம்:
மிக்க நன்றி. மழை நாளில் உள்ளே எல்இடி விளக்கில் இதே ரெசிஸ்டர்களோடு உச்சத் திறன் எடுக்க முடியுமா?

ஓம்விதி:
முடியாது. விளக்கொளியில் சில மில்லிஆம்பியர்தான் வரும். 5 மில்லிஆம்பியர், 5 வோல்ட் என்றால் உச்சம் 1000 ஓமுக்கு அருகே போய்விடும். 470, 1000, 2200, 4700 ஓம் தனியாக வாங்கிவையுங்கள், இவற்றுக்குக் கால் வாட் போதும். இந்த எண்களை வெயில் எண்களோடு ஒப்பிட்டுச் செயல்திறன் கணக்கிட வேண்டாம். எல்இடியில் அகச்சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, சூரிய ஒளியில் நிறைய உண்டு. சிலிக்கான் 1100 நானோமீட்டர் வரை அதையும் மின்சாரமாக்கும்.