உவர்ச்சதுப்பு அந்துப்பூச்சிகள்: ‘விதையுண்ணி’ போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடலேற்ற நீர் வந்துபோகும் உவர்ச்சதுப்பு நிலச் செடிகளின் விதைகளைத் தின்னும் அந்துப்பூச்சிகளை ஆங்கிலத்தில் seed predator என்பார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக நண்பர் முன்வைத்த ‘விதையுண்ணி’ நல்ல சொல்தான். ஆனால் சூழலியல் இங்கே சொல்லவருவது உண்பதை மட்டுமல்ல, கொல்வதையும். இலையைக் கடித்தால் செடி மறுபடி துளிர்க்கும். விதையைத் தின்றால் அதனுள் இருக்கும் கரு செத்துவிடும். ஒரு விதை போனால் ஒரு செடி போயிற்று. எனவே predator என்பதற்கான ‘கொன்றுண்ணி’ உள்ளே வரவேண்டும்: விதைக்கொன்றுண்ணி. ‘விதைக்கொல்லி’ சுருக்கமானதுதான், ஆனால் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வரிசையில் அதையும் மருந்தென்றே படிப்பார்கள்.

அடுத்து, எப்போது தின்கிறது என்பதும் பெயரில் இருக்கவேண்டும். ஐரோப்பியக் கடலோரங்களில் ஜங்கஸ் என்னும் கோரை போன்ற செடியில் வாழும் கோலியோஃபோரா என்னும் சிற்றந்துப்பூச்சிப் பேரினத்தின் புழுவைப் பாருங்கள். பசுங்காய்க்குள் புகுந்து விதைகளைத் தின்கிறது. பின்னர் பட்டிழையால் குழல்போன்ற உறை நெய்து, அது காய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தலையை மட்டும் உள்ளே விட்டு மேய்கிறது. அதாவது, விதை உதிர்ந்து கடலேற்ற நீரில் மிதந்து போவதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது. தரையில் விழுந்த விதையைப் பொறுக்கும் பறவையின் கதை வேறு. ‘வருமுன் காப்பது’ நம் நாவில் பழகிய வழக்கு. அதே வார்ப்பில் ‘உதிருமுன் விதைக்கொன்றுண்ணி’ என்கிறேன். பறவைக்கு ‘உதிர்ந்தபின் விதைக்கொன்றுண்ணி’. pre-dispersal என்பதை அப்படியே பெயர்த்துப் ‘பரவலுக்கு முந்தைய’ என்று இழுப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் இழப்பின் கனம் எல்லாச் செடிக்கும் ஒன்றல்ல. உமரி வகையான சாலிகோர்னியா யூரோப்பியா ஓராண்டுச் செடி. அடுத்த ஆண்டுக்கு அதை எடுத்துச்செல்வது விதை ஒன்றே. அந்த விதையைத்தான் அதே பேரினத்தின் இன்னோர் இனமான கோலியோஃபோரா சாலிகோர்னியே தின்கிறது. ஜங்கஸ் வகையான ஜங்கஸ் மாரிடிமஸோ பல்லாண்டுச் செடி, மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டாலும் பரவும். விதைகள் குறைந்தாலும் நின்ற இடத்தில் நிலைத்துவிடும். ஆகவே, ‘கொன்றுண்ணி’ என்றதும் செடிக்கூட்டமே அழிகிறது என்று பொருள் கொள்ளக்கூடாது, கொல்லப்படுவது விதை. கலைச்சொல் விளக்கத்தில் இந்த ஒரு வரி கட்டாயம் சேரட்டும்.

கோலியோஃபோராவின் பொதுப்பெயருக்குக் ‘கூட்டுப்புழு’ வேண்டவே வேண்டாம். அது வளர்ச்சிப் பருவம் ஒன்றின் பெயராக எப்போதோ நிலைத்துவிட்டது. உறையைத் தூக்கிக்கொண்டே திரிவதால் ‘உறைசுமப்பி’ எனலாம். மறுப்பிருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.