பெரியவள் 11 மாதத்தில் நடந்தாள், சின்னவனுக்கு 15 மாதம், இன்னும் நடக்கவில்லை. இந்த லீவில் ஏலகிரி போகலாமா?

காட்பாடி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். ரெண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்கிறேன், எனக்குள் ரெண்டும் ஒன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரியவளுக்கு இப்போது நாலு வயது. 11 மாதத்திலேயே நடந்தாள், ஒன்றரை வயதில் வாய் ஓயாமல் பேசினாள். சின்னவனுக்கு 15 மாதம் ஆகிறது, தனியாக ஒரு அடி வைக்கவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அதன் ஓரமாகவே பக்கவாட்டில் நகர்ந்து கடைசி வரைக்கும் போகிறான், கட்டில் முடிகிற இடத்தில் ஒரு கையை விட்டுவிட்டு எதிரே இருக்கும் பீரோவை எட்டிப் பார்ப்பான், எட்டவில்லை என்றால் தொப்பென்று உட்கார்ந்து தவழ்ந்து போய்விடுவான். பேச்சு என்றால் 'ம்மா', 'க்கா', காக்காவைப் பார்த்தால் 'கா', இவ்வளவுதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறான், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறான். 34 வாரத்திலேயே பிறந்தவன், கொஞ்ச நாள் இன்குபேட்டரில் இருந்தான். இப்போது எடை சரியாக இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் "பெரியவ ஓடினாளே, இவனுக்கு என்ன?" என்று கேட்கிறார்கள். அத்தை நல்ல மனசோடுதான் சொல்கிறார், ஆனால் தினமும் சொல்கிறார். வாக்கர் வாங்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு.

இதற்கு நடுவில் மே மாத லீவுக்குக் குடும்பத்தோடு வேன் வைத்து ஏலகிரி போகலாம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். போன முறை ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போனபோது சின்னவனை முழு நேரமும் இடுப்பிலேயே வைத்திருந்தேன், பாதி வழியில் பெரியவளும் தூக்கு என்று உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு பேருக்கும் ஒத்து வருகிற இடம் நம் பக்கத்தில் எது? சின்னவனை இப்போதே டாக்டரிடம் காட்ட வேண்டுமா, பொறுக்கலாமா?

குடியாத்தம் ஃபிசியோ:

குழந்தைகளோடுதான் எனக்கு வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் பதிவில் முக்கியமான வரி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன 34 வாரம். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவன் 6 வாரம் முன்னால் வந்திருக்கிறான். குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது வரை அந்த வாரங்களைக் கழித்துவிட்டுத்தான் வளர்ச்சியைக் கணக்குப் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் அவனுக்கு வயது 15 மாதம் இல்லை, பதிமூன்றரை. பெரியவளோடு ஒப்பிடும்போது இந்த ஒன்றரை மாதத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்து, நடப்பதற்கு ஒரு தேதி கிடையாது, ஒரு காலம்தான் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006இல் வெளியிட்ட அளவில், தனியாக நடப்பது 8.2 மாதத்தில் தொடங்கி 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே இத்தனை இடைவெளி. அதே ஆய்வில் நூற்றுக்கு நாலு குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டார்கள். அக்கா 11, தம்பி 16 என்றால் ரெண்டுமே இந்த எல்லைக்குள்தான். ஒரே வயிற்றில் பிறந்தாலும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று இல்லை.

நான் பார்ப்பது தேதியை அல்ல, போன மாதத்தை விட இந்த மாதம் ஏதாவது புதிதாகச் செய்கிறானா என்பதைத்தான். கட்டில் ஓரமாக நகர்வது, முடிகிற இடத்தில் கையை விட்டு பீரோவை எட்டுவது, இதெல்லாம் நடைக்கு முந்தின கட்டம். அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், கட்டிலுக்கு எதிரில் கனமான, வழுக்கிப் போகாத ஒரு ஸ்டூலை ஒரு கை எட்டுகிற தூரத்தில் போடுங்கள், அவனே தாண்டுவான். பழகப் பழக ஸ்டூலைத் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் செருப்பு, சாக்ஸ் எதுவும் வேண்டாம், வெறுங்கால்தான் தரையைப் பிடிக்கும்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். நடையைச் சீக்கிரம் கொண்டு வராது, தள்ளிப்போடத்தான் செய்யும். படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்து பெரிது, கனடாவில் 2004இலேயே விற்கக்கூடாது என்று தடை போட்டார்கள். அத்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பொறுக்கலாமா என்று கேட்டீர்கள். நடைக்காக மட்டும் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனால் 18 மாதமாகியும் நடக்கவில்லை, ஒரு கை அல்லது ஒரு பக்கக் காலை மட்டுமே பயன்படுத்துகிறான், கால் விறைப்பாக இருக்கிறது, எப்போதும் நுனிக்காலிலேயே நிற்கிறான், இல்லை நேற்று வரை செய்ததை இன்று செய்வதில்லை, இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். கடைசியாகச் சொன்னது எந்த வயதாக இருந்தாலும் அவசரம். குறைமாதத்தில் பிறந்தவன் என்பதால் எல்லாம் நன்றாக இருந்தாலும் ஒரு முறை வளர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்வதுதான் என் விருப்பம். எப்படியும் 16 மாதத்துக்கு மேல் பூஸ்டர் ஊசிக்குப் போவீர்கள், அன்றைக்கே கேளுங்கள், தாய் சேய் நல அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

ராணிப்பேட்டை அப்பா:

மருத்துவம் அவர் சொல்லிவிட்டார், நான் ஊர் சுற்றுகிற கதையைச் சொல்கிறேன். எனக்கும் ரெண்டு பிள்ளைகள், வயது வித்தியாசமும் கிட்டத்தட்ட இதேதான்.

ஒரு இடத்துக்குப் போவதற்கு முன்னால் நான் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி, சின்னதை அங்கே கீழே இறக்கி விட முடியுமா? முடியாது என்றால் அது பெரியவர்களுக்கான பயணம், பிள்ளைகளுக்கானது இல்லை. ஸ்ரீபுரம் அழகான இடம்தான், ஆனால் அந்த நட்சத்திர வடிவ நடைபாதையே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வரும், கூட்டத்தோடு நகர வேண்டும், நடுவில் நின்று குழந்தையை விளையாட விட முடியாது. நடக்கப் பழகுகிற பிள்ளை நாள் முழுக்க இடுப்பில் இருந்தால் அன்றைய பழக்கம் அவ்வளவும் போச்சு.

என் முதல் சாய்ஸ் வேலூர் கோட்டைதான். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். அகழி ஓரத்துப் பார்க்கில் புல்தரை இருக்கிறது, விழுந்தாலும் அடிபடாது, சின்னவன் அங்கே தாராளமாகத் தவழட்டும், அகழிப் பக்கம் மட்டும் எப்போதும் ஒருத்தர் நிற்க வேண்டும். பெரியவளை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போய் யாளி, குதிரை எல்லாம் காட்டுங்கள், என் மகள் அங்கே ஒவ்வொரு தூணாகப் போய் "இதுக்குப் பல்லு இருக்கு, இதுக்கு இல்ல" என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே இடத்தில் ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும், களைத்தால் வீடு பக்கம். ஒன்று மட்டும், பத்து மணிக்கு மேல் பிரகாரத்துக் கல்லில் பெரியவர்களே கால் வைக்க முடியாது.

அமிர்தி உயிரியல் பூங்காவும் நல்ல இடம். வேலூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர், கணியம்பாடி வழியாகப் போக வேண்டும், ஜவ்வாது மலை அடிவாரம். மான், மயில் எல்லாம் இருக்கிறது, மர நிழல் இருக்கிறது. அருவியை நம்பி மே மாதத்தில் போகாதீர்கள், மழைக்குப் பிறகுதான் தண்ணீர். சோளிங்கர் மலைக்கோயிலுக்குப் போக ஆசை இருந்தால் இப்போது 1,305 படி ஏற வேண்டியதில்லை, 2024இல் இருந்து ரோப் கார் ஓடுகிறது. ஆனால் மேலே குரங்குகள் அதிகம், கையில் பிஸ்கட்டோடு பிள்ளையைத் தனியாக இறக்கி விடாதீர்கள்.

ஏலகிரி போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, வாந்தி எடுக்கப் போவது பெரியவள்தான், ரெண்டு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அந்தத் தொந்தரவு வராது. ஆகவே மலை அடிவாரத்துப் பொன்னேரி தாண்டுவதற்கு முன்பு அவளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அப்படியே மலை ஏறுவது ரொம்பத் தப்பு. முன் பக்கம் பார்த்த மாதிரி உட்கார வையுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள். மேலே புங்கனூர் ஏரிப் பக்கம் பூங்கா இருக்கிறது. ஒரே நாளில் போய்த் திரும்பாமல் ஒரு ராத்திரி தங்கினால் சின்னவன் தூங்குகிற நேரம் கெடாது.

பைக்கில் நாலு பேராகப் போகிற பழக்கம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது, 2023இல் இருந்து இது சட்டமே.

ஆற்காடு தமிழ் டீச்சர்:

தம்பி ஃபிசியோ சொன்னதைப் படித்ததும் எனக்குப் பிள்ளைத்தமிழ்தான் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தை ஒட்டிக் கை கொட்டும் சப்பாணி, ஓராண்டு ஆகும்போது வாரானை என்று பருவம் பருவமாகப் பாடி வைத்திருக்கிறார்கள். செங்கீரை என்றால் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. குழந்தை தரையில் கிடந்து என்ன செய்கிறது என்பதை அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாரானையில் தாய் எட்ட இருந்து வா வா என்று அழைக்கிறாள், தூக்கிக்கொண்டு போகவில்லை. நீங்களும் எட்ட உட்கார்ந்து அழையுங்கள் அம்மா, அக்காவை அழைக்கச் சொன்னால் இன்னும் வேகமாக வருவான்.

வாக்கருக்குப் பதில் மரத்தில் செய்த நடைவண்டி வாங்கிக் கொடுங்கள். அதில் குழந்தை தானே நின்று தானே தள்ள வேண்டும், தொங்கிக்கொண்டு போக முடியாது. முதலில் வேகமாக உருளும், முன்னால் கொஞ்சம் கனம் வைத்துக் கட்டுங்கள். எங்கள் ஆயா வீட்டில் பிள்ளை முதல் அடி வைத்தால் கொழுக்கட்டை பண்ணித் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார்கள், எந்த மாதம் என்று யாரும் கேட்டதில்லை. நீங்களும் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் இருங்கள், அவன் நேரம் வரும்போது நடப்பான்.

சத்துவாச்சாரி ராஜி:

டீச்சர் அம்மா சொன்னதில் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, மன்னிக்கணும். 'நேரம் வரும்போது' என்று சொல்லிச் சொல்லியே நிறைய வீடுகளில் மூணு வயது ஆகிவிடுகிறது.

எங்கள் ரெண்டாவது பையன் ரெண்டு வயதில் நாலைந்து வார்த்தைதான் சொன்னான். ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதோடு பெரியவன் எல்லாவற்றையும் இவனுக்காகப் பேசிவிடுவான், இவன் தண்ணீர் செம்பைப் பார்த்தாலே போதும், "அம்மா தம்பிக்குத் தண்ணியாம்" என்பான். நாங்கள் போய்க் காட்டினோம், முதலில் காதைத்தான் பரிசோதித்தார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது, சரியாகக் கேட்கவே இல்லை. வைத்தியம் பார்த்து, பேச்சுப் பயிற்சியும் கொடுத்த பிறகு இப்போது அண்ணனுக்கு மேல் பேசுகிறான்.

அதனால் காட்பாடி அம்மா, நடையை விடப் பேச்சில் ஒரு கண் வையுங்கள். உங்கள் பையன் விரல் நீட்டிக் காட்டுகிறான், பெயருக்குத் திரும்புகிறான், அது ரொம்ப நல்ல அறிகுறி. ரெண்டு வயதுக்குள் 'பால் வேணும்', 'அக்கா வா' மாதிரி ரெண்டு சொல் சேர வேண்டும். சேரவில்லை என்றால் முதலில் காது. அக்காகாரி அவனுக்காகப் பேச வரும்போது அவளைத் திட்டாமல், "தம்பி என்ன சொல்றான்னு கேப்போமா?" என்று ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். ரெண்டு வயது வரை போன், டிவி வேண்டாம்.

காசைப் பற்றிக் கவலை இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், அரசாங்கமே குழந்தைகள் உடல்நலத்துக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மாவட்ட அளவில், வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் ஆரம்ப இடையீட்டு மையம் வைத்து இலவசமாகப் பார்க்கிறது, அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலே எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையிலும் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சும்மா போய்க் காட்டி ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தால் அதுவும் லாபம்தான்.

ஆற்காடு தமிழ் டீச்சர்:

நீங்கள் சொல்வது சரிதான் ராஜி. அலட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன், காட்டவே வேண்டாம் என்று அல்ல. குறைமாதப் பிள்ளை வேறு, ஒரு முறை காட்டிவிடட்டும்.

காட்பாடி அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த 6 வாரக் கணக்கை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன், அத்தை "அப்ப புள்ள சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாக்கர் பேச்சையே விட்டுவிட்டார். பக்கத்துத் தச்சரிடம் நடைவண்டிக்குச் சொல்லியிருக்கிறோம். பூஸ்டர் ஊசி அன்றைக்கு வளர்ச்சியையும் காதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

ஏலகிரியை ஜூலை பக்கம் தள்ளிவிட்டோம், ஒரு ராத்திரி தங்கி வருகிற மாதிரி. இந்த ஞாயிறு காலை கோட்டை. ஸ்டூல் போட்டதில் ஒரு சின்ன மாற்றம், இப்போது ரெண்டு கையையும் விட்டுவிட்டு ஒரு நொடி நிற்கிறான், நாங்கள் கை தட்டினால் உடனே உட்கார்ந்து அவனும் தட்டுகிறான்! கை தட்டாமல் இருக்க வேண்டுமா?

குடியாத்தம் ஃபிசியோ:

தாராளமாகத் தட்டுங்கள், ஆனால் அவன் நிற்கும்போது இல்லை, அடுத்த பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு. நிற்கும்போது அவனுக்குப் பிடித்த சாமானை மார்பு உயரத்தில் காட்டுங்கள், நிற்கிற நேரம் கூடும்.

ராணிப்பேட்டை அப்பா:

ஞாயிறு என்றால் ஏழரைக்குள் உள்ளே இருங்கள், அப்புறம் கூட்டம் வந்துவிடும். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள், சின்னவனுக்கு மாற்றுத் துணி ரெண்டு செட், புல்லில் காலையில் ஈரம் இருக்கும்.