விளாமரத்துத் தேவாங்கு

உன்னிச்சை அக்கா, 8.12
மாமா, நேற்றிரவு எங்கள் வளவு விளாமரத்தில் தேவாங்கு ஒன்றைக் கண்டோம். டோர்ச் வெளிச்சம் பட்டும் ஓடாமல், உள்ளங்கையைக் குவித்துத் தன் சிறுநீரையே ஏந்தி, மற்றக் கையிலும் பாதங்களிலும் தேய்த்துவிட்டு மெதுவாகக் கிளையேறிப் போயிற்று. பிள்ளைகள் முகஞ்சுளித்தார்கள். ஏன் அப்படிச் செய்கிறது?

மாமா, 8.31
அது அதன் கையொப்பம், மகள். இருட்டில் தனித்து இரைதேடும் பிராணிக்கு முகம் பார்த்து ஆளறிய வழியில்லை. ஆகவே நடந்த கிளைகளில் தன் மணத்தை விட்டுச் செல்கிறது, பின்னால் வரும் தேவாங்கு அதை முகர்ந்து, போனது பழகிய அயலாளா, புதியதா என்று அறிந்துகொள்கிறது. கிளையில் பிடிமானம் கூடவும் அப்படிச் செய்கிறது என்பாரும் உண்டு.

சின்னம்மா, 8.40
எங்கள் ஓடு கிளப்பும் குரங்குகளும் இப்படித்தானா, அண்ணன்?

மாமா, 8.58
இல்லை, தங்கச்சி. பகலில் கூட்டமாகத் திரியும் அவை முகத்தையும் குரலையுமே பெரிதும் நம்புகின்றன. மணக்குறிகளை உணர மூக்கினுள் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அவற்றுக்கும் நமக்கும் செயலிழந்துவிட்டது. தேவாங்குக்கும் அதன் உறவான மடகஸ்கார் லெமூருக்கும் அது இன்னும் வேலை செய்கிறது. வளைய வால் லெமூரில் ஆணின் மணிக்கட்டில் ஒரு சுரப்பியும் அதையொட்டி நகம்போன்ற முள்ளும் உண்டு; இளமரத்தின் பட்டையை முள்ளால் கீறி, அந்தக் கீறலிலேயே மணத்தைப் பூசிவிடும். இனப்பெருக்கக் காலத்தில் அதே மணத்தை வாலில் தடவி, எதிரியை நோக்கி வாலை ஆட்டியே சண்டை பிடிக்கும். நம் ஊர் வேலிச் சண்டைகளைவிட இது எவ்வளவோ மேல். 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், கூட்டத்துப் பெண் ஒன்றின் மணக்குறியை முகரவிட்டு, கூடவே ஒரு குரலையும் ஒலிக்கச் செய்தார்கள். மணமும் குரலும் ஒரே பெண்ணுடையதாக இருந்தபோது லெமூர்கள் கூடுதலாகக் கவனித்தன. ஆக, இந்த மணத்துக்குரியவளின் குரல் இதுதான் என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

பெரியம்மா, 9.05
நம் மூக்கை அப்படித் தள்ளிவிடாதே, தம்பி. மூத்தவன் பிறந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் கலந்து கிடந்த துணிகளுக்குள் அவனுடையதை மணந்துதான் எடுத்தேன்.

மாமா, 9.09
உண்மைதான், அக்கா. பெற்ற தாய்மார் தம் பச்சைக் குழந்தையின் சட்டையை மணத்தால் பிரித்தறிவதைப் பரிசோதித்தே காட்டியிருக்கிறார்கள். போனது அந்த ஓர் உறுப்புத்தான்.

உன்னிச்சை அக்கா, 9.14
கூரையில் முட்டும் அந்தக் கிளையை நாளைக்கு வெட்டுவதாக இருந்தோம், மாமா.

மாமா, 9.16
வெட்ட வேண்டாம், மகள். தேவாங்கு பாயாது, கிளைக்குக் கிளை பற்றிப் பிடித்தே போகும். வழி அறுந்தால் நிலத்தில் இறங்கி நாயிடம் அகப்படும்.

உன்னிச்சை அக்கா, 9.21
இவரிடம் சொல்லிவிட்டேன். கத்தியைத் திரும்ப வைத்துவிட்டார்.