லெஃப்ட் ஜாயின் போட்டும் ஆர்டர் இல்லாதவர்கள் லிஸ்ட்டில் வரவில்லையே?

கேள்வி:
எஸ்கியூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி) க்வெரி எழுதுகிறேன். வாடிக்கையாளர், ஆர்டர்ஸ் என இரண்டு டேபிள். 2024-இல் யார் யார் எத்தனை ஆர்டர் போட்டார்கள் என்று வேண்டும். ஒன்றும் போடாதவருக்கு 0 வரணும். அவர்களும் விடுபடாமல் வரத்தான் லெஃப்ட் ஜாயின் போட்டேன்:

செலக்ட் வா.ஐடி, வா.பெயர், கவுண்ட்(*)
ஃப்ரம் வாடிக்கையாளர் வா
லெஃப்ட் ஜாயின் ஆர்டர்ஸ் ஆ ஆன் ஆ.வா_ஐடி = வா.ஐடி
வேர் ஆ.தேதி >= '2024-01-01' அண்ட் ஆ.தேதி < '2025-01-01'
க்ரூப் பை வா.ஐடி, வா.பெயர்

0 உள்ள வரிசை ஒன்றுகூட இல்லை. இன்னர் ஜாயின் (இரண்டு டேபிளிலும் பொருந்துவதை மட்டும் தருவது) போட்டாலும் இதே ரிசல்ட்.

பதில் 1:
ஜாயின் சரி, வேர் (வரிசைகளை வடிகட்டும் WHERE) வரிதான் கெடுக்கிறது. ஆர்டர் இல்லாதவருக்கு லெஃப்ட் ஜாயின் ஒரு வரிசை தரும், அதில் ஆ.தேதி நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை). நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை 'உண்மை' ஆகாது, அதனால் வேர் அந்த வரிசையைத் தள்ளிவிடும். தேதி நிபந்தனை இரண்டையும் வேரிலிருந்து எடுத்து, ஆன் வரியில் அண்ட் போட்டுச் சேருங்கள்.

அதோடு நிறுத்தினால் 0 வர வேண்டிய இடத்தில் 1 வரும். கவுண்ட்(*) வரிசையை எண்ணும், நல் வரிசையும் ஒரு வரிசைதானே. கவுண்ட்(ஆ.ஐடி) என்று மாற்றுங்கள், அது நல்லை எண்ணாது.

பிட்வீன் (இது முதல் அது வரை என்று சொல்வது) போடாமல் < '2025-01-01' என்று எழுதியது நல்லது. தேதியோடு நேரமும் இருக்கும் நெடுவரிசையில் (column) பிட்வீன் போட்டு '2024-12-31' என்று முடித்தால், 31-ஆம் தேதி தொடங்கும் 00:00 மணிக்குப் பிறகு அன்று வந்த ஆர்டரெல்லாம் விடுபடும்.

கேட்டவர்:
சரியாக வந்துவிட்டது, நன்றி. இதே க்வெரியில் பேமென்ட் டேபிளையும் வா_ஐடி வைத்துச் சேர்த்து மொத்தத் தொகை எடுக்கலாமா?

பதில் 2:
அப்படியே சேர்க்காதீர்கள். ஒருவருக்கு 3 ஆர்டர், 2 பேமென்ட் இருந்தால் 6 வரிசை ஆகும். தொகை மூன்று மடங்கு, ஆர்டர் எண்ணிக்கை இரண்டு மடங்கு காட்டும். எர்ரர் எதுவும் வராது என்பதால் சட்டென்று கண்ணில் படாது. சம்(டிஸ்டிங்க்ட் தொகை) போட்டுச் சமாளிக்கவும் கூடாது: 500, 500 என இரண்டு பேமென்ட் இருந்தால் 500 மட்டும்தான் வரும்.

பேமென்ட்டை முதலில் சப்க்வெரியில் (க்வெரிக்குள் வரும் இன்னொரு க்வெரி) ஆளுக்கு ஒரு வரிசையாகச் சுருக்குங்கள்:

லெஃப்ட் ஜாயின் (செலக்ட் வா_ஐடி, சம்(தொகை) அஸ் மொத்தம் ஃப்ரம் பேமென்ட் க்ரூப் பை வா_ஐடி) பே ஆன் பே.வா_ஐடி = வா.ஐடி

ஆளுக்கு ஒரு வரிசைதான் என்பதால் பெருகாது. செலக்டில் கோவலெஸ்(பே.மொத்தம், 0) போடுங்கள் (நல் வந்தால் 0 காட்டும்), க்ரூப் பையிலும் பே.மொத்தம் சேருங்கள்.

பதில் 3:
வேகம் பற்றி ஒரு குறிப்பு. உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால், ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் ஐடியைச் சுட்டும் இணைப்பு) வைத்தாலும் வா_ஐடி மேல் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் இன்னோடிபி (அதன் சேமிப்பு முறை) அதுவே போட்டுக்கொள்ளும்.