அமெரிக்க விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர் மீண்டும் செல்லச் சட்டப்படி வழி உண்டா?

காவேரிப்பட்டணத்தான் கேட்டது:

வணக்கம். எஃப்-1 விசாவில் முதுகலை படித்து வந்த என் தம்பி, அக்கா திருமணத்துக்காகக் காவேரிப்பட்டணம் வந்துவிட்டுத் திரும்பியபோது, அமெரிக்க விமான நிலையத்தில் கைப்பேசியைச் சோதித்த அதிகாரிகள், பெட்ரோல் பங்க் கடையில் ரொக்கச் சம்பளத்துக்கு வேலை பார்த்தது பற்றிய வாட்ஸ்அப் உரையாடலைக் கண்டு, இரவெல்லாம் விசாரித்து, மறுநாள் விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டனர். இன்னும் இரண்டு பருவம் மீதமிருக்கிறது. கல்விக்கடனுக்காக மாந்தோப்புப் பத்திரம் வங்கியில் கிடக்கிறது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாகச் சொல்லிப் புதிது எடுத்து விண்ணப்பித்தால் பழைய கதை தெரியாது என்கிறார் ஓசூரில் ஓர் ஏஜெண்ட். எனக்கு மனம் ஒப்பவில்லை. நேர்மையான வழி ஏதேனும் இருக்கிறதா?

தருமபுரி வழக்குரைஞர்:

முதலில் அந்த ஏஜெண்டை விட்டு விலகுங்கள். தம்பியின் பத்து விரல் ரேகையும் அவர்களிடம் இருக்கும்போது பாஸ்போர்ட் எண் மாறி என்ன பயன்? பொய் சொல்லி விசா கேட்டது வெளிப்பட்டால், இன்று சில ஆண்டுகளில் தீரக்கூடிய தடை ஆயுள் தடையாகிவிடும்.

அடுத்து, தம்பியிடம் கொடுத்தனுப்பிய தாள்களைப் பாருங்கள். அவரை எந்த முறையில் அனுப்பினார்கள் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். ஐ-275 படிவம் இருந்தால், நுழைவு விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதித்திருக்கிறார்கள் என்று பொருள். விசா ரத்தாகியிருக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கிலான தடை அதனால் வராது. ஐ-860 இருந்தால் அது விரைவு வெளியேற்ற ஆணை. முதல்முறை என்றால் 5 ஆண்டு, இரண்டாம் முறை என்றால் 20 ஆண்டு தடை. அந்த ஆணையில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 212(ஏ) பிரிவில் எந்த உட்பிரிவைக் குறித்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 7-ஆம் உட்பிரிவு என்றால் செல்லத்தக்க ஆவணம் இல்லை என்பதோடு முடிந்தது. 6(சி) என்றால் மோசடி, அது ஆயுள் தடை.

5 ஆண்டு முடியும் முன்பே செல்ல வேண்டுமானால், மீண்டும் விண்ணப்பிக்க இசைவு கேட்பதற்கு ஐ-212 என்ற வழி இருக்கிறது. மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவுக்கு, துணைத் தூதரக அதிகாரி பரிந்துரைத்து, சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை முடிவெடுக்கும் முறையும் உள்ளது. 6(சி) இருந்தாலும் தற்காலிக விசாவுக்கு அதே சட்டத்தின் 212(டி)(3) பிரிவின்படி தடையிலிருந்து விலக்கு கேட்கலாம். இவை எதுவும் உரிமையல்ல, அதிகாரியின் விருப்புரிமைதான். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கையையும் தனியே ஏற்படுத்த வேண்டும். ஆணையே தவறு என்று கருதினால், அதைப் பிறப்பித்த அலுவலகத்திடம் 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம். நீதிமன்றக் கதவு இதில் பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

பாலக்கோடு வாசகர்:

எனக்கு ஐ-275 தான். தடை இல்லையே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று நானும் நினைத்தேன். ஆனால் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், நுழைவு மறுக்கப்பட்டதுண்டா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதுண்டா என்று சேர்த்தே கேட்கிறார்கள். 'ஆம்' என்று எழுதி நடந்ததை நான்கு வரியில் விளக்கினேன். முதல்முறை மறுத்தார்கள், அடுத்த ஆண்டு கிடைத்தது.

காவேரிப்பட்டணத்தான்:

மிக்க நன்றி, ஐயா. தம்பியின் பையில் நான்காக மடித்து வைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்தேன். ஐ-860 தான், 7-ஆம் உட்பிரிவு மட்டுமே குறித்திருக்கிறது. இன்னொரு தாளில் புகைப்படமும் ஆள்காட்டி விரல் ரேகையும், 5 ஆண்டு என்ற கட்டத்தில் குறியும் உள்ளன. அனுப்பி இன்றோடு 19 நாள் ஆகிறது.

தருமபுரி வழக்குரைஞர்:

6(சி) இல்லாதது பெரிய ஆறுதல். மறுபரிசீலனைக்கு 11 நாளே இருப்பதால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் பழகிய வழக்குரைஞர் ஒருவரிடம் இன்றே அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். விசாரணையில் தம்பி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்ட வாக்குமூலத்தின் நகலும் அவற்றோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்குள்ள தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். பின்னாளில் ஐ-212 மனுவில் எழுதுவது அந்த வாக்குமூலத்தோடு முரண்படக் கூடாது என்பதால், அதைப் படிக்காமல் எந்தப் படிவத்தையும் நிரப்ப வேண்டாம்.