விஎச்எஃப் செட்டில் (படகு ரேடியோ) கேட்குது, பேசினா செட் அணைஞ்சு திரும்ப எழுந்திரிக்குது. மைக் போயிடுச்சா?

பழையாறு, விசைப்படகு:
25 வாட் விஎச்எஃப் செட், வீல்ஹவுஸ்ல பொருத்தினது. சுருள் வயர் மைக். மத்த போட் பேசுறது தெளிவா கேட்குது. நான் மைக் பட்டனை அமுக்கினா டிஸ்ப்ளே மங்கி, செட் அணைஞ்சு திரும்ப எழுந்திரிக்குது. லோ பவர்ல வச்சா அணையல, ஆனா எதிர்ல இருக்கவங்க "விட்டு விட்டு கேட்குது"ங்கிறாங்க. இன்ஜின் ஓடும்போது ஓரளவு பரவாயில்ல, நிறுத்தி வலை வாங்கும்போதுதான் மோசம். கடையில மைக்கை மாத்தச் சொல்றாங்க. மாத்திரலாமா?

தரங்கம்பாடி, ஃபைபர் படகு:
ஆண்டெனா கேபிளைப் பாருங்கண்ணே. மழைக்கு அப்புறம் கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கும். மல்டிமீட்டர்ல நடு ஊசிக்கும் வெளி உருளைக்கும் வச்சுப் பாருங்க, பீப் அடிச்சா ஷார்ட்.

நாகை, படகு எலக்ட்ரீசியன்:
தம்பி, அந்தச் சோதனையை ஆண்டெனாவைக் கழட்டாம செய்யக் கூடாது. பல மரைன் ஆண்டெனாவுக்குள்ள அடியில காயில் (கம்பிச் சுருள்) இருக்கும். நல்ல ஆண்டெனாவே மீட்டருக்கு ஷார்ட்டாத்தான் தெரியும். ரெண்டு முனையும் கழட்டின கேபிளுக்கு மட்டும்தான் அது செல்லும்.

பழையாறு நண்பருக்கு: இன்ஜின் ஓடினா பேசுது, நின்னா பேசலன்னு நீங்களே பதிலைச் சொல்லிட்டீங்க. டைனமோ ஓடும்போது 13.8 வோல்ட்டுக்கு மேல, நின்னா பேட்டரி 12.5. கேட்கும்போது செட் கொஞ்சம்தான் இழுக்கும். 25 வாட்ல பேசினா 5 முதல் 6 ஆம்பியர். அந்த இழுப்புக்கு வயரும் ஜாயின்ட்டும் தாங்கல. மைக்கை இப்ப வாங்காதீங்க.

இன்ஜினை நிறுத்துங்க. மீட்டர் முனை ரெண்டையும் செட்டுக்குப் பின்னால வர்ற சிவப்பு, கருப்பு வயர்லயே வைங்க. பேட்டரியில வச்சா தெரியாது. ஆண்டெனா மாட்டியிருக்கணும், மாட்டாம பட்டனை அமுக்கினா செட்டுக்குள்ள பவர் கொடுக்கிற கடைசி டிரான்சிஸ்டர் போயிடலாம். 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உள்ளது, அதை விட்டு 72 அல்லது 77-க்கு மாறி, யாரும் பேசலன்னு பாத்து, ஹை பவர்ல மூணு விநாடி அமுக்குங்க. அமுக்கும்போது எத்தனை வோல்ட், அதை மட்டும் சொல்லுங்க.

பழையாறு, விசைப்படகு:
பாத்தேன். பேட்டரியில 12.5. செட்டுக்குப் பின்னால அமுக்காம 12.4, அமுக்கினா 9.8. வயர் ஒரு சதுர மி.மீ., வீட்டு வயரிங் மிச்சம். பேட்டரியிலிருந்து செட் வரை 8 மீட்டர். நடுவுல ஃபியூஸ் ஹோல்டர் இருக்கு.

நாகை, படகு எலக்ட்ரீசியன்:
அந்த வயர்ல போக வர 16 மீட்டருக்கு 5.5 ஆம்பியர்ல ஒன்றரை வோல்ட்டுக்கு மேல போகும். உங்களுக்கு 2.7 போயிருக்கு. மிச்சம் ஒரு வோல்ட் ஏதோ ஒரு ஜாயின்ட்ல நிக்குது. ஹோல்டரைத் திருகிப் பாருங்க: ஸ்பிரிங் பச்சையா களிம்பு பிடிச்சிருக்கும், வயரை ஒரு விரக்கடை உரிச்சா உள்ள செம்பு கரியாட்டம் கருத்திருக்கும். கருப்பு எதுவரை போகுதோ அதுவரை வெட்டணும். சில போட்ல ரெண்டு அடி போயிருக்கும்.

சுத்தம் பண்ணி ஓட்டாதீங்க, புதுசா இழுங்க. 4 சதுர மி.மீ., வெள்ளீயம் பூசின செம்பு வயர். பேட்டரியிலிருந்து நேரா, லைட், எக்கோ சவுண்டர் (ஆழம் பாக்குற கருவி) இருக்கிற பலகையிலிருந்து கிளை எடுக்க வேண்டாம். தண்ணி புகாத ஹோல்டர், 10 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்துல. முனையில ஈயம் வைக்காம (சால்டர் பண்ணாம) லக் (உலோக முனை) போட்டு கிரிம்ப் பண்ணுங்க, அதாவது அழுத்தி நசுக்குங்க: இன்ஜின் அதிர்வுல ஈயம் முடியுற இடத்துல வயர் முறியும். மேல பசை உள்ள ஹீட் ஸ்லீவ். அமுக்கும்போது வயர்ல குறையுறது அரை வோல்ட்டுக்குள்ள அடங்கணும்.

பழையாறு, விசைப்படகு:
ஹோல்டர் நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு. மாத்தியாச்சு. அமுக்கினா இப்ப 12.0, செட் அணையல. ஆனா குரல் இன்னும் விட்டு விட்டுத்தான் போகுது. படகுத்துறையில பக்கத்து போட்ல கேட்டா நல்லா இருக்குங்கிறாங்க.

வேதாரண்யம், ரேடியோ மெக்கானிக்:
பக்கத்துல கட்டியிருக்கிற போட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஆண்டெனா அறுந்திருந்தாக்கூட அங்க கேட்கும். அஞ்சு கடல் மைல் தள்ளி இருக்கிற போட்டைக் கேளுங்க. ரெண்டு போட்லயும் ஆண்டெனா 6 மீட்டர் உயரம்னா சுமார் 11 கடல் மைல் வரை நேர்ப் பார்வை, அதுக்குள்ள கேட்டே ஆகணும். எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆண்டெனாவுக்குப் போற பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுறது) வச்சா 1.5-க்குள்ள வந்தா நல்லது, 3 வந்தா கேபிளோ ஆண்டெனாவோ போச்சு. ஆனா லாரி செட்டுக்கு விக்கிற 27 மெகாஹெர்ட்ஸ் மீட்டர் நம்ம செட்டோட 156 மெகாஹெர்ட்ஸ்ல சரியாக் காட்டாது.

விட்டு விட்டுன்னா இப்பத்தான் மைக். பட்டனை அமுக்கிப் பிடிச்சு, சுருள் வயரை மைக் கழுத்துல மெல்ல வளைங்க. திரையில பேசும்போது வர்ற டிஎக்ஸ் (TX) எழுத்து மினுக்கினா பட்டன் வயர் அறுந்திருக்கு. எழுத்து நிலையா நின்னு குரல் மட்டும் போனா மைக் வயர், இல்லன்னா மைக் ஓட்டையில உப்பு. உப்புன்னா நல்ல தண்ணியில நனைச்ச துணியால ஒத்தி எடுங்க. ஊசியால குத்தினா உள்ள இருக்கிற மெல்லிய சவ்வு கிழிஞ்சு தண்ணி இறங்கிடும்.

பழையாறு, விசைப்படகு:
எழுத்து மினுக்குது. கழுத்துல சரியா ஒரு விரல் தூரத்துல. அறுத்துட்டு ஒட்டிரலாமா?

வேதாரண்யம், ரேடியோ மெக்கானிக்:
அந்தச் சுருளுக்குள்ள இருக்கிறது மயிரிழை மாதிரி கம்பி, சிலதுல நூல்மேல சுத்தின தகடு. ஈயம் பிடிக்காது, பிடிச்சாலும் பத்து நாள். முழுச் சுருளையும் மாத்துங்க. கழட்டும் முன்ன போர்டுல எந்த நிறம் எந்த இடம்னு போட்டோ எடுத்துக்குங்க. மாடலுக்கு மாடல் நிறம் மாறும்.

மூடும்போது ஓ-ரிங்ல (தண்ணி புகாம தடுக்கிற ரப்பர் வளையம்) சிலிகான் கிரீஸ் கொஞ்சம். புளிச்ச காடி வாசம் அடிக்கிற சிலிகான் பேஸ்ட்டை வச்சு அடைக்காதீங்க, அது காயும்போது விடுற அமிலமே போர்டுல செம்பைத் தின்னும். மைக்ல சேனல் எண், திரை எல்லாம் இருக்கிற வகைன்னா மீட்டர், சால்டரிங் ரெண்டும் உதவாது, வேற மைக் மாட்டித்தான் பாக்கணும். உங்களது வெறும் பட்டன் வகை, சுருள் மட்டும் போதும்.

தரங்கம்பாடி, ஃபைபர் படகு:
அண்ணே, சரி பாக்குறதுக்கு செட்ல இருக்கிற அந்தச் சிவப்பு டிஎஸ்சி (டிஜிட்டல் அழைப்பு) பட்டனை அமுக்கலாமா?

நாகை, படகு எலக்ட்ரீசியன்:
கூடவே கூடாது தம்பி. அது ஆபத்து அழைப்பு, 70-ஆம் சேனல்ல எட்டுற எல்லாருக்கும் போகும். மெனுவுல டெஸ்ட் கால் இருந்தா அதை எடுங்க. அதுக்கும் முதல்ல செட்ல எம்எம்எஸ்ஐ எண் (படகோட ரேடியோ அடையாள எண்) ஏத்தியிருக்கணும். நம்ம நாட்டு எண் 419-ல தொடங்கும். கவனமா ஏத்துங்க, பல செட்ல ரெண்டு தடவைக்கு மேல மாத்த விடாது.